ஆங்கிலத்தில் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ எங்கே வர வேண்டும்? கண்மாய் ஆய்வேட்டில் எழுந்த ஐயங்கள்

கண்மாய்க்கரை, மேலூர்

அனைவருக்கும் வணக்கம். நான் மேலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது மதுரை மாவட்டத்துக் கண்மாய்களின் பராமரிப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முதல் இயலின் வரைவை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். கருத்தில் குறை ஏதும் இல்லை என்றார். ஆனால் திரும்பி வந்த தாள்களில் பக்கம் தவறாமல் சிவப்பு வட்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை ‘தி’ விடுபட்ட இடங்கள், அல்லது வேண்டாத இடத்தில் நான் எழுதிய ‘தி’. விதியைக் கேட்டதற்கு, படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டுகளாக ஆங்கிலக் கட்டுரைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்; இன்னும் வந்தபாடில்லை.

என்னைக் குழப்பும் இடங்களைச் சொல்கிறேன். ‘டேங்க்ஸ் ஸ்டோர் தி வாட்டர்’ என்று எழுதியிருந்தேன், ‘தி’யை அடித்துவிட்டார். மூன்று வரி தள்ளி ‘வாட்டர் இன் திஸ் டேங்க்’ என்று எழுதிய இடத்தில் ‘தி வாட்டர்’ என்று சேர்த்திருக்கிறார். வைகைக்கு முன் ‘தி’ வேண்டுமாம். மதுரைக்கும் வண்டியூர் லேக் என்பதற்கும் முன் கூடாதாம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை ‘ஆன் யூனியன் ஆஃபீஸ்’ என்று எழுதியது தவறாம். அடுத்த பக்கத்தில் ‘எ எம்எல்ஏ’ என்று எழுதியதும் தவறாம்.

முதல் முறை ஒன்றைக் குறிப்பிடும்போது ‘எ’, மறுபடி குறிப்பிடும்போது ‘தி’ என்று பள்ளியில் கற்றேன். அதை நம்பி, ‘வி ரீச்ட் எ டேங்க் அட் நூன். எ பண்ட் வாஸ் டேமேஜ்ட்’ என்று எழுதினேன். கரையை அதற்கு முன் எங்குமே குறிப்பிடவில்லை. இருந்தும் அங்கே ‘தி பண்ட்’ என்று திருத்தியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்தியது ஒன்று. கண்மாய்ப் பணிக்குச் சில விவசாயிகள் ஒத்துழைத்தார்கள் என்ற பொருளில் ‘ஃபியூ ஃபார்மர்ஸ் கோஆப்பரேட்டட்’ என்று எழுதினேன். “விவசாயிகள் ஒத்துழைக்கவில்லை என்று இங்கே எழுதிவிட்டு, முடிவுரையில் அவர்களுடைய ஒத்துழைப்பைப் பாராட்டியிருப்பது ஏன்?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். வெயிலில் எங்களோடு நின்று மண் சுமந்தவர்கள் அவர்கள். ஒரு சிறு சொல் விடுபட்டதால் அவர்களைப் பற்றித் தவறாக எழுதிவிட்டேனே என்று மனம் வெதும்பியது. இதற்கெல்லாம் பிடிமானமாக ஒரு வழி இருந்தால், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை, திருநகர்

அம்மா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். முதல் முறை ‘எ’, மறுமுறை ‘தி’ என்று பல ஆண்டுகள் நானும்தான் சொல்லிக்கொடுத்தேன். அது முழுப் பொய் அல்ல. ஆனால் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் சொல்லும் விதி. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு பெயர்ச்சொல்லைச் சொல்கிறீர்கள். கேட்பவர் “எந்த?” என்று கேட்க இடம் இருக்கிறதா? இருந்தால், எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு முன் ‘எ’ வரும். எது என்று அவருக்கே தெரியும் அல்லது சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிடும் என்றால் ‘தி’ வரும். ‘நண்பகலில் ஒரு கண்மாயை அடைந்தோம்’ என்றால் எந்தக் கண்மாய் என்று கேட்கலாம். ஆகவே ‘எ டேங்க்’. ‘கரை சேதமடைந்திருந்தது’ என்றால், எந்தக் கரை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கண்மாய் என்றாலே கரை உண்டு. இப்போது சொன்ன கண்மாயின் கரைதான் அது. ஆகவே முதல் முறை வந்தாலும் ‘தி பண்ட்’. மேலூருக்குப் பேருந்து ஏறினேன் என்று சொல்லிவிட்டு ஓட்டுநரைப் பற்றிப் பேசினால் அவர் ‘தி டிரைவர்’ ஆவதும் இதனால்தான்.

இப்போது மடைக்கு வாருங்கள். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு கண்மாய்க்குப் பல மடைகள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று உடைந்திருந்தால், எந்த மடை என்ற கேள்வி எழும். எனவே ‘எ ஸ்லூஸ்’ என்று எழுத வேண்டும். அங்கே ‘தி ஸ்லூஸ்’ என்று எழுதினால், அந்தக் கண்மாய்க்கு ஒரே மடைதான் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். கரைக்கும் மடைக்கும் வெவ்வேறு சொல் வருவதற்கு இலக்கணம் மட்டும் காரணம் அல்ல, கண்மாயின் அமைப்பே காரணம். ஆர்டிக்கிளை, அதாவது இந்த ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவற்றை, சரியாக எழுத மொழியறிவு மட்டும் போதாது, பொருளறிவும் வேண்டும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இந்த உணர்வு தமிழருக்குப் புதிதன்று. ‘கண்மாய் வெட்டினார்கள்’ என்பதற்கும் ‘கண்மாயை வெட்டினார்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு கண்மாய். இரண்டாவதில் நாம் பேசிக்கொண்டிருக்கும் கண்மாய். ஆங்கிலம் பெயருக்கு முன்னால் செய்யும் வேலையைத் தமிழ் இங்கே பெயருக்குப் பின்னால் ‘ஐ’ உருபைக் கொண்டு செய்கிறது.

தண்ணீர் பற்றிய உங்கள் ஐயமும் இதே வழியில் தீரும். கண்மாய்கள் நீரைத் தேக்குகின்றன என்பது நீர் என்ற பொருளைப் பற்றிய பொதுக் கூற்று. அங்கே குறிப்பிட்ட நீர் எதுவும் இல்லை. ஆகவே வெறும் ‘வாட்டர்’. ‘இந்தக் கண்மாயிலுள்ள நீர்’ என்று வரும்போது ‘இன் திஸ் டேங்க்’ என்று பின்னால் வரும் தொடர் எந்த நீர் என்பதற்கு விடை சொல்லிவிடுகிறது. ஆகவே ‘தி வாட்டர்’. பெயருக்குப் பின்னால் வரும் தொடரையும் சேர்த்து முழுப் பெயர்த்தொடராகப் பார்த்துத்தான் முன்னால் வரும் சொல்லை முடிவு செய்ய வேண்டும். அதற்காகப் பின்னால் ‘ஆஃப்’ வந்தாலே முன்னால் ‘தி’ வந்துவிடும் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். மதுரையின் வரலாற்றைப் பற்றி யாரோ எழுதிய பல நூல்களுள் ஒன்று ‘எ ஹிஸ்டரி ஆஃப் மதுரை’தான்.

தமிழ் வழியில் படித்தவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் இருந்தால், ஆங்கிலத்தில் அது பொதுவாகத் தனியே நிற்காது. ‘எ’, ‘தி’, ‘திஸ்’, ‘மை’, ‘எவ்ரி’ என்று ஏதேனும் ஒன்று அதற்கு முன் நிற்க வேண்டும். ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் முடித்துவிடுகிறோம்; ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் டீச்சர்’ என்பது குறையுள்ள வாக்கியம், ‘எ டீச்சர்’ என்றே வர வேண்டும். ‘கோ டு ஸ்கூல்’, ‘அட் ஹோம்’, ‘பை பஸ்’ போன்ற சில வழக்குகள் விலக்கு. அவற்றை அப்படியே பழகிக்கொள்ளலாம். ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’ ஆகியவை ஆங்கிலத்தில் எண்ணப்படாதவை. தமிழில் ஓர் அறிவுரை, இரண்டு அறிவுரைகள் என்கிறோம் என்பதற்காக ‘ஆன் அட்வைஸ்’ என்று எழுதக் கூடாது.

‘ஃபியூ’ பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ‘சில விவசாயிகள் ஒத்துழைத்தனர்’, ‘சில விவசாயிகளே ஒத்துழைத்தனர்’ ஆகிய இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘எ ஃபியூ’ என்பது முன்னது. இருக்கிறார்கள் என்று சொல்வது. ‘எ’ இல்லாத ‘ஃபியூ’ ஏகாரம் சேர்ந்த பின்னது. போதுமான பேர் இல்லை என்று குறைப்படுவது. ‘எ லிட்டில் வாட்டர்’ என்றால் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. ‘லிட்டில் வாட்டர்’ என்றால் தண்ணீர் இல்லாத குறை. வறட்சி ஆண்டைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு உங்களுக்குப் பலமுறை தேவைப்படும்.

தீர்ப்புநகல், கே.கே. நகர்

சகோதரி, நான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வரும் ஆவணங்களைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கும் வேலை பார்ப்பவள். ஐயா தொடாமல் விட்ட இரண்டு ஐயங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

‘எ’யா ‘ஆன்’னா என்பதை முடிவு செய்வது எழுத்து அன்று, ஒலி. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிர் என்றால் ‘ஆன்’, மெய்யோ உயிர்மெய்யோ என்றால் ‘எ’. ‘யூனியன்’, ‘யூனிவர்சிட்டி’, ‘யூரோப்பியன்’ எல்லாம் ‘யூ’ என்ற உயிர்மெய்யில் தொடங்குகின்றன. ஆங்கில எழுத்துகளில் அவற்றின் தொடக்கம் உயிராக இருப்பது நம்மை ஏமாற்றுகிறது. ‘எம்எல்ஏ’, ‘எஃப்ஐஆர்’ ஆகியவை ‘எ’ என்ற உயிரில் தொடங்குவதால் ‘ஆன் எம்எல்ஏ’, ‘ஆன் எஃப்ஐஆர்’. நம் பக்கத்துப் பேச்சில் இவற்றை ‘யெம்எல்ஏ’, ‘யெஃப்ஐஆர்’ என்று யகரம் சேர்த்து ஒலிக்கிறோம். ‘எ எம்எல்ஏ’ என்பது உங்கள் காதுக்கு உறுத்தாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நாம் தமிழில் எழுதும் வழக்கமே தடுமாற வைக்கும் சொற்களும் உண்டு. ‘ஒன்’ என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் ‘வன்’ என்றே ஒலிப்பதால், ஒருவழிப் பாதைக்கு முன் ‘எ’தான். ‘ஹவர்’, ‘ஹானஸ்ட்’ ஆகியவற்றில் ஹகரம் ஒலிப்பதில்லை, ஆகவே ‘ஆன்’.

அதோடு, ‘எ’யும் ‘ஆன்’னும் தமக்கு அடுத்து நிற்கும் சொல்லைத்தான் பார்க்கும், தொடரின் தலைப்பெயரைப் பார்க்காது. ‘எ டேங்க்’, ஆனால் ‘ஆன் ஓல்ட் டேங்க்’. ‘தி’யும் உயிருக்கு முன் ‘தி’ என்றும், மெய்யொலிக்கு முன் ஏறத்தாழ ‘த’ என்றும் ஒலிக்கும். எழுத்தில் மாற்றம் இல்லை.

பெயர்களில் “எந்த?” என்ற கேள்வி உதவாது. வழக்கத்தைத்தான் பின்பற்ற வேண்டும். ஆறு, கால்வாய், கடல், மலைத்தொடர் ஆகியவற்றின் பெயருக்கு ‘தி’ உண்டு: ‘தி வைகை’, ‘தி பெரியார் மெயின் கேனல்’, ‘தி வெஸ்டர்ன் காட்ஸ்’. ஊருக்கும், ஏரிக்கும், தனி மலைக்கும் இல்லை. ஆனால் ஊர்ப்பெயரையே ஒரு காலத்துக்குள் வரையறுத்தால் ‘தி’ வந்துவிடும். 1950களின் மதுரை என்பதை ‘தி மதுரை ஆஃப் தி 1950ஸ்’ என்றுதான் எழுத வேண்டும். கல்வி நிறுவனங்களில் நம் ஊரே நல்ல எடுத்துக்காட்டு. 1881இல் தொடங்கிய கல்லூரி ‘தி அமெரிக்கன் காலேஜ்’. 1948இல் தொடங்கிய லேடி டோக் காலேஜுக்கும், அடுத்த ஆண்டு தொடங்கிய தியாகராஜர் காலேஜுக்கும் ‘தி’ இல்லை. ஆளின் பெயரில் தொடங்குபவை பெரும்பாலும் ‘தி’ ஏற்பதில்லை. மதுரை காமராஜ் யூனிவர்சிட்டிக்கு வேண்டாம். ‘ஆஃப்’ சேர்ந்து வரும் ‘தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்பதற்கு வேண்டும். அணைகளை இரு விதமாகவும் எழுதுகிறார்கள். 1895இல் முடிந்த பெரியாறு அணையையும் 1959இல் திறந்த வைகை அணையையும் ஆய்வேடு முழுவதும் ஒரே முறையில் எழுதிவிடுங்கள். நான் ‘தி’ சேர்த்தே எழுதுவேன்.

ஓர் எச்சரிக்கை. வழக்கு ஆவணங்களில் ‘பெட்டிஷனர் சப்மிட்ஸ்’ என்று ‘தி’ இல்லாமல் எழுதும் பழக்கம் உண்டு. அது அந்தத் துறைக்கே உரிய சுருக்க நடை. அரசாணைகளையும் வழக்குக் கட்டுகளையும் ஆய்வுக்காக நிறையப் படித்திருப்பீர்கள். அந்த நடை உங்கள் இயல்களுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர்-ஒரு, பசுமலை

அக்கா, நான் மொழியியல் முதுகலை மாணவன். ஐயா சொன்ன ‘ஐ’ உருபுச் சோதனை அஃறிணைக்கு நன்றாகப் பொருந்துகிறது; உயர்திணைக்குப் பொருந்தாது. ‘ஒரு விவசாயியைச் சந்தித்தோம்’ என்பதில் அவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியாது; இருந்தும் உருபை விட முடியாது. ‘ஒரு கண்மாயை அடைந்தோம்’ என்று ஐயாவே எழுதிய வாக்கியத்தில்கூட உருபு இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘எ’தான் வருகிறது. ஆகவே ‘ஒரு’ இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். அது இல்லாத இடத்தில் மட்டும் உருபைப் பாருங்கள். ‘அந்த’ போட்டுப் பார்க்கும் சோதனையும் ஓரளவுக்கே உதவும். சூரியனை நாம் ‘அந்தச் சூரியன்’ என்பதில்லை. ஆங்கிலத்தில் ‘தி சன்’ என்றே சொல்ல வேண்டும். “எந்த?” என்று கேட்கும் சோதனை அங்கேயும் தவறுவதில்லை என்பதால் அதுவே மேலானது என்று எனக்கும் படுகிறது.

‘ஆன்’ பற்றி ஒரு செய்தி. பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்று பொருள்பட்ட சொல்லே தேய்ந்து ‘ஆன்’ ஆயிற்று. பிறகு மெய்யொலிக்கு முன் னகரம் உதிர்ந்து ‘எ’ ஆயிற்று. நாம் உயிருக்கு முன் ‘ஓர்’, மெய்க்கு முன் ‘ஒரு’ என்று எழுதுவதைப் போன்ற ஏற்பாடுதான். இந்த னகரம் எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று ஆங்கிலேயரே குழம்பியதும் உண்டு. சமையலின்போது கட்டும் ‘ஆப்ரன்’ முன்பு ‘நாப்ரன்’ ஆக இருந்தது. ‘எ நாப்ரன்’ என்பதை ‘ஆன் ஆப்ரன்’ என்று பிரித்துக் கேட்டதால் சொல்லே மாறிப்போனது. ‘தி’ சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது. ரஷ்ய மொழிக்கும் இலத்தீனுக்கும்கூட ஆர்டிக்கிள் கிடையாது. ஆகவே இந்த இடர்ப்பாடு தமிழருக்கு மட்டும் உரியதன்று.

கண்மாய்க்கரை, மேலூர்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு முழு இயலையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று “எந்த?” என்று கேட்டுப் பார்த்தேன். வட்டமிடப்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் புரிந்துவிட்டது. ‘ஃபியூ’ வந்த இடங்களில் ‘சிலர்’, ‘சிலரே’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். நான்கு இடங்களில் எனக்கு வேண்டியது ‘சிலர்’தான்.

புதிதாக எழுதிய பத்தியை இங்கே தருகிறேன். ‘தி டேங்க்ஸ் இன் மேலூர் தாலுக் ரிசீவ் வாட்டர் ஃப்ரம் தி பெரியார் மெயின் கேனல். வி விசிட்டட் எ டேங்க் இன் ஜனவரி. தி பண்ட் வாஸ் இன் குட் கண்டிஷன், பட் எ ஸ்லூஸ் ஹேட் பீன் டேமேஜ்ட். எ ஃபியூ ஃபார்மர்ஸ் ஹேட் கிளோஸ்ட் இட் வித் தி சேண்ட்பேக்ஸ்.’ தவறு இருந்தால் சொல்லுங்கள்.

கரும்பலகை, திருநகர்

நன்றாக வந்திருக்கிறது அம்மா. கரை, மடை, விவசாயிகள் மூன்றும் சரி. கடைசியில் மணல் மூட்டைகளுக்கு முன் ‘தி’ வேண்டாம். எந்த மூட்டைகள் என்று படிப்பவருக்குத் தெரியாது. மூட்டைகளைக் கொண்டு அடைத்தார்கள் என்பதே செய்தி. பன்மை என்பதால் ‘எ’யும் வராது, வெறும் ‘சேண்ட்பேக்ஸ்’ போதும்.

முதல் வாக்கியத்தைப் பற்றி உங்களையே ஒன்று கேட்கிறேன். ‘தி டேங்க்ஸ் இன் மேலூர் தாலுக்’ என்று எழுதினால், அந்த வட்டத்திலுள்ள கண்மாய்கள் அனைத்தும் என்று பொருளாகும். பன்மைப் பெயருக்கு முன் வரும் ‘தி’, ஒன்றையும் விடாமல் முழுத் தொகுதியையும் வளைத்துக்கொள்ளும். எல்லாக் கண்மாய்களுக்கும் கால்வாய்த் தண்ணீர் வருகிறதா?

கண்மாய்க்கரை, மேலூர்

இல்லை ஐயா. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் மழையை மட்டுமே நம்பிய கண்மாய்கள் நிறைய இருக்கின்றன. என் மூன்றாம் இயல் முழுவதும் அவற்றைப் பற்றியதுதான். நான் எழுதியபடியே விட்டிருந்தால், முதல் இயலின் முதல் வாக்கியமே மூன்றாம் இயலை மறுத்திருக்கும். ‘மெனி ஆஃப் தி டேங்க்ஸ் இன் மேலூர் தாலுக்’ என்று மாற்றிவிட்டேன். மற்ற இயல்களிலும் பன்மைக்கு முன் ‘தி’ எழுதிய ஒவ்வோர் இடத்தையும், களக்குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்று சரிபார்க்கப் போகிறேன்.